டாக்டர் ட்ரேயைத் தொடாத சிஸ்டர்

பெரிய சிஸ்டரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இனி நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு, ஏதோ அவர் நிழலில் வளர்ந்தவள் என்று யாரும் என்னை நினைத்துவிடக் கூடாது. ஆறு வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தோம். அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா இல்லையா என்றுகூட நான் கேட்டதில்லை. கேட்கத் தோன்றாத அளவுக்குப் பிடிக்காது.

கம்பத்தில் பன்னிரண்டு படுக்கை உள்ள தனியார் பிரசவ ஆஸ்பத்திரி அது. டாக்டரம்மாவுக்குத் தேனியிலும் ஒன்று இருந்தது. காலையில் எட்டு மணிக்கு இங்கே ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு ஒன்பதரைக்குக் காரில் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவார். நடுவில் எல்லாம் போன்தான். செல்போன் அந்த ஆஸ்பத்திரியில் அவர் ஒருவர் கையில் மட்டும் இருந்த காலம். நாங்கள் வரவேற்பு மேஜையில் இருந்த கறுப்புப் போனில் கூப்பிடுவோம். அவர் ஊசியின் பெயரைச் சொல்வார், நாங்கள் போடுவோம்.

நாங்கள் என்றால் நான்கு பெண்கள். வெள்ளை உடை போட்டிருந்தோம், ஆனால் நர்ஸ் இல்லை. நான் பிளஸ் டூவில் பௌதிகத்தில் கோட்டை விட்டுவிட்டு, தேவதானப்பட்டியில் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், தெரிந்தவர் சொல்லி வந்து சேர்ந்தவள். ஊசி போடுவதைத் தலையணையில் குத்திப் பழகினேன். மற்ற மூன்று பேருக்கும் அதே கதைதான். முறையாகப் படித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்த நர்ஸ் அந்தக் கட்டடத்திலேயே பெரிய சிஸ்டர் ஒருவர்தான். அவர் அதை யாரையும் மறக்க விடமாட்டார். கேஸ் ஷீட்டில் கையெழுத்துப் போட்டால் கீழே தன் பதிவு எண்ணையும் சேர்த்து எழுதுவார். டெட்டால் வந்து சேர்ந்தது என்ற ரசீதில்கூட எழுதுவார். நாங்கள் பின்னால் நின்று சிரிப்போம்.

கனத்த கறுப்பு பிரேம் போட்ட கண்ணாடி. இடது மார்பில் குத்திய தலைகீழ்க் கடிகாரம். இந்த இரண்டையும் பார்த்துவிட்டுப் புதிதாக வருகிற நோயாளிகள் பாதிப் பேர் அவரைத்தான் டாக்டர் என்று நினைத்துக் கும்பிடுவார்கள். டாக்டரம்மா சின்ன உருவம், சுடிதார் போடுகிறவர். பெரிய சிஸ்டருக்கு இந்தக் கும்பிடு ஆகவே ஆகாது.

"நான் நர்சு. டாக்டர் தேனி போயிருக்காக" என்று அந்த இடத்திலேயே திருத்துவார். ஏதோ திட்டு வாங்கியவர்போல அவர் முகம் சுருங்கிப்போகும்.

காலையில் வந்ததும் அவருடைய முதல் வேலை இரண்டு ட்ரே அடுக்குவது. ஒன்று அவருடையது. கையுறை, பஞ்சு, யூரின் ட்யூப், உள்ளே பார்க்கும் ஸ்பெகுலம், பிரசவக் கத்தரி, தையல் ஊசி, நூல், காப்பர்-டி. இன்னொன்று டாக்டருடையது. கர்ப்பப்பை வாயை விரிக்கிற கம்பிகள், உள்ளே சுரண்டி எடுக்கிற க்யூரெட், ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுக்கிற ஃபோர்செப்ஸ். அதைப் பச்சைத் துணியால் மூடி, பக்கத்தில் ஒரு ஸ்டூலையும் போட்டுவிடுவார். அந்தத் துணியை டாக்டர் தவிர வேறு யார் விலக்கினாலும் தொலைந்தது. புதிதாக வருகிற எந்தப் பெண்ணையும் அந்த இரண்டு ட்ரேக்கு முன்னால் நிறுத்தி, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிக் கேட்பார்.

"இது யாரு வேல?"

"உங்க வேல சிஸ்டர்."

"இது?"

"டாக்டர் வேல."

"அப்ப ஒன் வேல எது?"

இந்த இடத்தில் எல்லாரும் முழிப்போம். அவரே சொல்வார். "பிபி பாக்குறது, தொடைக்கிறது, பெட்ஷீட் மாத்துறது, என்னையக் கூப்புடுறது. அம்புட்டுத்தேன். உள்ள கைய விட்டுப் பாக்குறது ஒன் வேல இல்ல. நீ படிக்கல. படிச்சிட்டு வா, பாக்கலாம்."

பதினெட்டு வயதில் இதைத் தினமும் கேட்டால் எப்படி இருக்கும்? மற்ற ஆஸ்பத்திரிகளில் எங்களைப் போன்ற பெண்கள் பிரசவமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உத்தமபாளையத்தில் ஒருத்தி தையல்கூடப் போடுகிறாள் என்று கேள்விப்பட்டு நாங்கள் பெருமூச்சு விட்டோம். இந்தக் கண்ணாடிக்காரி இருக்கும் வரை நமக்கு விடிவு கிடையாது என்று பேசிக்கொண்டோம்.

அவர் வேலை தெரியாதவர் இல்லை. அதுதான் எங்களுக்கு இன்னும் எரிச்சல். தையல் போட்டால் பத்தாம் நாள் போட்ட இடம் தெரியாது. காப்பர்-டி வைத்துக்கொள்ள வருகிற பெண்ணை முதலில் தனியாக உட்காரவைத்துப் பேசுவார். கூட வந்த மாமியார், புருஷன் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, "ஒனக்கு வேணுமா? ஒனக்கு. அவுகளுக்கு இல்ல" என்று கேட்பார். சந்தேகமாகத் தலையாட்டினால் வைக்கமாட்டார். கர்ப்பப்பை வாயில் குச்சியால் தொட்டுப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு எடுக்கிற வேலையை இந்தப் பள்ளத்தாக்கில் அன்று அவர் அளவுக்கு யாரும் செய்திருக்க மாட்டார்கள். வெள்ளைப்படுகிறது என்று வருகிற ஒவ்வொருத்தியையும் விடமாட்டார். ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போகிற பெண்கள், நேரமாகிவிட்டது என்று பறப்பார்கள். "அஞ்சு நிமிசம் ஆத்தா, ஒன் ஜீப்பு எங்கயும் போகாது" என்று கையைப் பிடித்து உள்ளே இழுப்பார். இதெல்லாம் அவருடைய ட்ரே.

அடுத்த ட்ரேக்குத்தான் கை நீளாது. கரு பாதி கலைந்து ரத்தம் போகிறது என்று வருகிறவர்களுக்கு மிச்சத்தைச் சுத்தம் செய்து எடுக்க வேண்டும். டி அண்ட் சி என்பார்கள், நாங்கள் கிளீனிங் என்போம். பத்து நிமிட வேலை. டாக்டரம்மா தேனியிலிருந்து போனில் சொல்வார், "சிஸ்டர், நீங்க எத்தனை தடவை பக்கத்துல நின்னு பாத்திருக்கீங்க, பண்ணிடுங்களேன்." பெரிய சிஸ்டரின் பதில் ஒவ்வொரு தடவையும் ஒன்றேதான். "எல்லாம் ரெடியா வச்சிருக்கேன் டாக்டர். நீங்க வாங்க." போனை வைத்துவிட்டு, கேஸ் ஷீட்டில் எத்தனை மணிக்குக் கூப்பிட்டோம், என்ன சொன்னார் என்று எழுதிவைப்பார். அதைப் படிக்கும்போது டாக்டரம்மா கழுத்தில் நரம்பு புடைக்கும்.

ஒருமுறை உத்தமபாளையத்து ராவுத்தர் ஒருவர், அரிசிக் கடைக்காரர், மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்று மாதத்தில் கலைந்துவிட்டது. ரத்தப்போக்கு கட்டுக்குள்தான் இருந்தது. டாக்டரம்மா வர நேரமாகும் என்றதும் அவர் பெரிய சிஸ்டரிடமே கேட்டார்.

"நீங்களே செஞ்சிருங்கம்மா. எங்க வீட்டுல ரெண்டு பிரசவமும் நீங்கதான பாத்தீக. ஒங்க கைராசிய நம்பித்தான் வந்திருக்கோம்."

"பிரசவம் எனக்குப் படிச்சுக் குடுத்தது பாய். இது ஆயுதம் உள்ள போற வேல. கர்ப்பப்பைய ஓட்ட போட்டுருச்சுன்னா அத அறுத்துச் சரிபண்ண எனக்குத் தெரியாது. சரிபண்ணத் தெரிஞ்சவுகதான் உள்ள விடணும்."

இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். குளுக்கோஸ் ஏற்றி, நாடி பார்த்து, பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார் பெரிய சிஸ்டர். கடைசியில் பாய் பொறுமை இழந்து, "இம்புட்டுப் பயந்தவுக எதுக்கும்மா இந்த உடுப்பு போடணும்?" என்று சொல்லிவிட்டு வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டார். நாங்கள் நான்கு பேரும் உள்ளுக்குள் பாய்க்குக் கைதட்டினோம்.

பயம்தான் என்று நானும் நம்பினேன், ஒரு நாள் முற்பகல் வரை. அன்று பிரசவம் முடிந்து அரை மணி நேரமாகியும் ஒருத்திக்கு நஞ்சுக்கொடி விழவில்லை. திடீரென்று ரத்தம் கொட்ட ஆரம்பித்தது. கட்டிலுக்குக் கீழே வாளி வைத்தோம். டாக்டரம்மா போனை எடுக்கவில்லை. பெரிய சிஸ்டர் ஒரு நிமிடம் நாடியைப் பிடித்தபடி நின்றார். பிறகு முழங்கை வரைக்கும் கழுவி, நீளக் கையுறை போட்டு, ஒரு கையை வயிற்றின்மேல் வைத்து இன்னொரு கையை உள்ளே விட்டுக் கொடியை முழுதாக எடுத்தார். நெற்றியிலிருந்து வேர்வை கண்ணாடியில் விழுந்தது. ரத்தம் நின்றது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "இது டாக்டர் வேலன்னு சொல்வீகளே சிஸ்டர்?"

"டாக்டர் வார வரைக்கும் இவ இருக்க மாட்டா புள்ள. உசுரு போகுதுன்னா நான் செய்யலாம், எனக்குச் சொல்லிக்குடுத்திருக்காக. டாக்டருக்கு வர நேரமில்லன்னா அது வேற. ரெண்டையும் ஒண்ணாக்காத."

கையைக் கழுவிவிட்டு நேராகப் போய்க் கேஸ் ஷீட்டை எடுத்தார். நஞ்சுக்கொடியைத் தானே கைவிட்டு எடுத்ததாகவும், ஏன் எடுக்க வேண்டிவந்தது என்றும், எத்தனை தடவை போன் செய்தோம் என்றும் அரைப் பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு, எண்ணையும் போட்டார். எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தக் குடும்பமே டாக்டரம்மாதான் காப்பாற்றினார் என்று பழம் கொண்டுவந்து கொடுத்தது. டாக்டரம்மாவும் வாங்கிக்கொண்டார்.

கிளீனிங் கேஸ்கள் ஒவ்வொன்றாக மற்ற ஆஸ்பத்திரிகளுக்குப் போக ஆரம்பித்தபோது டாக்டரம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். படித்த நர்ஸ் மாட்டேன் என்றால், மாட்டேன் என்று சொல்லத் தெரியாத ஒருத்தி போதுமே. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரிய சிஸ்டர் அல்லிநகரத்தில் தன் வீட்டுக்குப் போயிருந்த நேரம், என்னைத் தியேட்டருக்குள் கூப்பிட்டார். "உனக்கு நல்ல கைம்மா. அந்த அம்மா உன்னை முன்னேற விடமாட்டாங்க" என்றார். பச்சைத் துணியை அவரே விலக்கினார். ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். பிறகு நான் தனியாகச் செய்தேன்.

அந்த நாட்களில் நான் தரையில் நடக்கவில்லை. தேவதானப்பட்டிக்குப் போனால் அம்மா தெருவில் எல்லாரிடமும், "எம்மகதான் அங்கன டாக்டர் இல்லாத நேரம் பாத்துக்கிறா" என்று சொல்வாள். நான் மறுக்கவில்லை. எனக்கு அது இனித்தது.

பெரிய சிஸ்டருக்குத் தெரியாமல் எத்தனை நாள் போகும்? ஒரு திங்கட்கிழமை காலையில் டாக்டர் ட்ரேயைப் பார்த்தவர், க்யூரெட் கழுவிய விதத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். நாங்கள் தங்கியிருந்த மாடிக்கு என்னைக் கூட்டிப்போனார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"நீ இதச் செஞ்சு ஒனக்கு ஏதாச்சும் ஆனா ஒன்னையக் காப்பாத்த ஒரு பேப்பர்கூடக் கெடையாது. தெரியுமா?"

"டாக்டர்தான் செய்யச் சொன்னாக."

"எழுதிக் குடுத்தாகளா?"

நான் படியிறங்கி வந்துவிட்டேன். மறுவாரம் தேனியிலிருந்து நர்சிங் படிப்புக்கான விண்ணப்பப் படிவம் ஒன்றை வாங்கிவந்து என் தலையணைமேல் வைத்திருந்தார். வயசு இருக்கிறது, பிளஸ் டூ மறுபடி எழுதலாம், கிராம சுகாதார நர்ஸ் படிப்புக்காவது போ என்று ஒரு துண்டுச் சீட்டும் இருந்தது. பொறாமை என்று நினைத்தேன். இன்று எழுதும்போது கூசுகிறது, அன்று மனப்பூர்வமாக அப்படித்தான் நினைத்தேன். படிவத்தை மடித்து மேஜையின் ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்தேன். அவர் பார்க்கும்படியாகத்தான் கொடுத்தேன்.

டாக்டரம்மாவிடமும் அவர் பேசியிருக்கிறார். உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது. கதவைத் திறந்து வெளியே வரும்போது, "அப்ப நான் எழுதித்தான் வைக்கணும்" என்றது மட்டும் எங்கள் காதில் விழுந்தது. எங்கே எழுதினாரோ, எழுதிய நோட்டு பிறகு யார் கண்ணிலும் படவில்லை.

அதற்கு மூன்று மாதம் கழித்து அந்தப் பெண் வந்தாள்.

அனுமந்தன்பட்டிக்காரி. ஏலத்தோட்டத்தில் களை எடுக்கிறவள், மலையிலேயே கலைந்துவிட்டது. கூடவே தோட்டத்து மலையாளத்து அம்மா ஒருத்தி வந்திருந்தாள். "மோளே, பேடிக்கண்டா" என்று, பயப்படாதே என்கிற மாதிரி, அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பதினொரு மணி இருக்கும். பெரிய சிஸ்டர் லேபர் ரூமில் இருந்தார். தலைச்சன் பிரசவம், தலை தெரிய ஆரம்பித்திருந்தது, நகர முடியாது. போன் மணி அடித்தது. நான் எடுத்தேன்.

"சிஸ்டர் எங்கே?"

"லேபர்ல டாக்டர்."

"அப்ப நல்லதா போச்சு. ஊசி போட்டு நீ பண்ணிடு."

பண்ணினேன். மயக்க ஊசி போட்டு, கம்பியால் விரித்து, க்யூரெட்டை உள்ளே விட்டேன். ஒரு இடத்தில் அது சொரசொரவென்று தட்டி நிற்க வேண்டும். நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டே இருந்தது. ஓட்டை விழுந்துவிட்டது என்று அந்தக் கணம் என் கைக்குத் தெரிந்துவிட்டது. வெளியே இழுத்தேன். ரத்தத்தோடு மஞ்சளாக, கொழுப்புப்போல ஏதோ வந்தது. நான் கத்தினேன்.

பெரிய சிஸ்டர் பிறந்த குழந்தையை ஆயாவின் கையில் கொடுத்துவிட்டு அப்படியே ஓடிவந்தார். ஒரு பார்வைதான்.

"எம்புட்டு உள்ள போச்சு?"

"தெரியல சிஸ்டர்."

"பொய் சொல்லாத. வெரல வச்சுக் காட்டு."

காட்டினேன். அதன்பிறகு அவர் என்னைப் பார்க்கவே இல்லை. இரண்டு கையிலும் குளுக்கோஸ் ஏற்றினார், கால்பக்கம் கட்டிலை உயர்த்தினார், ஆம்புலன்சுக்குச் சொல்லச்சொன்னார், தேனி பெரியாஸ்பத்திரிக்குப் போன் போட்டு என்ன நடந்தது என்று மறைக்காமல் சொல்லி ரத்தம் தயாராக வைக்கச் சொன்னார். தானே ஏறிக் கூடப் போனார். கம்பத்திலிருந்து தேனி வரை அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்திருந்தாராம். சின்னமனூர் தாண்டும்போது அவளுக்கு மயக்கம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. கண் திறந்தபோது அவள் பார்த்த முகம் கறுப்புக் கண்ணாடி போட்ட முகம்.

பிழைத்துவிட்டாள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். இருபத்தைந்து வயது, ஒரு குழந்தைகூடக் கிடையாது.

அவளுடைய அண்ணன்மார் ஆட்களோடு வந்து வாசலில் நின்றார்கள். புகார் எழுதினார்கள். மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி விசாரிக்க வரப்போகிறார் என்றதும் டாக்டரம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் பேசியது இன்றும் எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

"நீ செஞ்சேன்னு வந்தா, படிக்காத பொண்ணை வச்சு ஆபரேஷன் பண்ணினேன்னு ஆஸ்பத்திரியை மூடிடுவாங்க. நீ ஜெயிலுக்குப் போவ. சிஸ்டர் செஞ்சாங்கன்னு வந்தா, படிச்ச நர்ஸ் தன் எல்லையைத் தாண்டிட்டாங்க, அவ்வளவுதான். அவங்களை ஒண்ணும் செய்யமாட்டாங்க. ஒரு எச்சரிக்கையோட விட்டுடுவாங்க."

ஒன்றும் செய்யமாட்டார்கள் என்பதை நான் நம்பவில்லை. நம்பினதாக வைத்துக்கொண்டேன். இரண்டுக்கும் வித்தியாசம் எனக்கு அன்றே தெரியும்.

விசாரணை டாக்டரம்மாவின் அறையில் நடந்தது. அதிகாரி நாற்காலியில், டாக்டரம்மா எதிரில், பெரிய சிஸ்டர் நின்றுகொண்டு. நான் கதவோரம். அந்தப் பெண்ணிடம் தேனி ஆஸ்பத்திரியில் வாங்கிய வாக்குமூலத்தை அதிகாரி படித்தார். 'கண்ணாடி போட்ட டாக்டரம்மாதான் பண்ணினது, நான் கண்ணால பாத்தேன்' என்று இருந்தது. அவள் பொய் சொல்லவில்லை. மயக்கம் தெளிந்து அவள் பார்த்த ஒரே முகம் அதுதான்.

அதிகாரி பெரிய சிஸ்டரிடம் கேட்டார், "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"நான் செய்யல சார். டாக்டர் வேலைய நான் தொடுறதில்ல. தொட்டிருந்தா எழுதியிருப்பேன்."

டாக்டரம்மா இழுப்பறையைத் திறந்து பழைய கேஸ் ஷீட் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். நஞ்சுக்கொடி எடுத்த அன்று எழுதியது. அரைப் பக்கம், கையெழுத்து, எண் எல்லாம் இருந்தது.

அதிகாரி படித்துவிட்டு நிமிர்ந்தார். "எழுதியிருக்கீங்களேம்மா."

பெரிய சிஸ்டர் அந்தக் கேஸ் ஷீட்டைக் கையில் எடுத்தார். அது வேறு இது வேறு என்று விளக்க முயன்றார். உயிர் போகிற நேரத்தில் நர்ஸ் எதைச் செய்யலாம், எதை எந்த நேரத்திலும் செய்யக் கூடாது என்று எங்களுக்கு நூறு தடவை தெளிவாகச் சொன்னவருக்கு அன்று வார்த்தை குழறியது. அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"நீ பாத்தியாம்மா?"

"பாத்தேன் சார். பெரிய சிஸ்டர்தான் பண்ணுனாக."

கேட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். அவர் என்னைத் திட்டுவார், என் பெயரைச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லத்தான் செய்தார். "இந்தப் புள்ளதான் செஞ்சது சார். செய்ய வச்சவுக இங்கனதான் உக்காந்திருக்காக" என்றார். ஆனால் அதற்குள் அதிகாரி பேனாவை மூடிவிட்டார். மாட்டிக்கொண்டவர்கள் சின்னப் பெண்மேல் பழி போடுவார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். என் அழுகை வேறு அந்த எண்ணத்துக்கு உதவியது. அது நிஜமான அழுகைதான்.

அனுமந்தன்பட்டிக்காரர்களோடு டாக்டரம்மா பேசி முடித்துக்கொண்டார். கவுன்சிலுக்குப் போன புகார் அங்கேயே கிடந்தது. பெரிய சிஸ்டருக்குத் தண்டனை என்று எதுவும் எழுத்தில் வரவில்லை. புகார் தீரும் வரை பதிவைப் புதுப்பிக்க முடியாது, அவ்வளவுதான். பதிவு இல்லாதவரை எந்த ஆஸ்பத்திரியும் நர்ஸாக எடுக்காது. எங்களைப் போன்றவர்களை எடுத்துக்கொண்டிருந்த அதே ஆஸ்பத்திரிகள்தான், அவர் விஷயத்தில் சட்டம் பார்த்தன. கூடலூர் முதல் தேனி வரை கர்ப்பப்பையை ஓட்டை போட்ட நர்ஸ் என்று பெயர் பரவியிருந்தது.

இரண்டு மாதம் கழித்து டாக்டரம்மா மறுபடி போனில், "ஒண்ணு இருக்கு, பண்ணிடுறியா?" என்றார். மறுத்திருப்பேன் என்று நினைக்க யாரும் ஆசைப்படலாம். பண்ணினேன். கல்யாணம் ஆகி சின்னமனூருக்குப் போகும் வரைக்கும் பண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டாயிரத்துப் பத்தில் அவரைத் தேனியில் பார்த்தேன். அல்லிநகரத்துப் பக்கம் ஒரு கண்ணாடிக் கடையில் என் மாமியாருக்குக் கண்ணாடி வாங்கப் போயிருந்தேன். உள்ளே கல்லாவில் உட்கார்ந்து பில் எழுதிக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. முகம் மாறவில்லை. மாமியாரை உள்ளே பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு நான் அவர் முன்னால் போய் நின்றேன். ஏழு வருடமாக மனதுக்குள் எழுதி எழுதி அழித்த பேச்சு. ஒரு வரிகூட வரவில்லை.

"சிஸ்டர், நான் செஞ்சது பாவம். என்னைய மன்னிச்சிருங்க" என்றேன்.

பில்லைக் கிழித்து ஒரு ஆளிடம் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் பேசினார்.

"நான் மன்னிச்சா ஒனக்கு நல்லா ஒறக்கம் வரும். எனக்கு என்ன வரும்?"

அவர் பில் புத்தகத்தில் அடுத்த தாளைத் திருப்பினார்.

"அந்தப் புள்ளயப் போயிப் பாத்தியா?"

"எந்தப் புள்ள சிஸ்டர்?"

கேட்ட பிறகுதான் புரிந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் அருவருப்பு இருந்தது. விசாரணை அறையில்கூட அவர் அப்படிப் பார்க்கவில்லை.

"நான் ரெண்டு தடவ போனேன், அனுமந்தன்பட்டிக்கு. புருசன் அவள விட்டுட்டு வேற கட்டிக்கிட்டான். அண்ணன் வீட்டுல மாட்டுக் கொட்டத்துக்குப் பக்கத்துல இருக்கா. என்னையப் பாத்ததும் மண்ண வாரித் தூத்துனா. நான் செய்யல தாயின்னேன். நம்பல. எப்புடி நம்புவா? அவ பாத்தது என்னையத்தான? நீ போயிச் சொன்னா நம்புவா. எனக்கு ஆபீசரு, கவுன்சிலு ஒண்ணும் வேணாம் இனிமே. அவ ஒருத்தி, நான் அவ வயித்த அழிக்கலன்னு தெரிஞ்சுக்கிட்டா போதும். போயிச் சொல்றியா?"

"சொல்றேன் சிஸ்டர். சத்தியமாச் சொல்றேன்."

"சத்தியமெல்லாம் பண்ணாத. போ."

மாமியார் வெளியே வந்தார். பெரிய சிஸ்டர் பில் போட்டார். நான் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

பெரிய சிஸ்டர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. அல்லிநகரத்து உறவுக்காரப் பெண் ஒருத்தி சொல்லித்தான் தெரியும். சின்னமனூரிலிருந்து அனுமந்தன்பட்டிக்கு டவுன் பஸ் அரை மணிக்கு ஒன்று இருக்கிறது. அந்தப் பெண் இன்னும் அதே அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். விசாரித்ததோடு சரி. போகவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அது தெரிந்துதான் எழுதுகிறேன்.